நீ திருப்பி அனுப்பிய சீடி

தம்பி,

நான் சுகம். சுகமில்லாமல் வந்து சேர்ந்தது நீ அனுப்பிய சீடிதான்.

திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்த உன் சிநேகிதனின் தாயார் போன கிழமை வீடு தேடி வந்து உறையைக் கையில் தந்தார். "தம்பி கவனமாக் குடுக்கச் சொன்னவர்" என்று சொல்லி, நான் அதை மேசையில் வைக்கும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். உறைக்குள் சீடி. அதைச் சுற்றி நான்காய் மடித்த ஒரு கடதாசி. கையெழுத்து மாறவில்லை, இன்னும் கோழி கிளறின மாதிரித்தான் எழுதுகிறாய். "அப்பா, கலியாணத்துக்கு முதல் ஒருக்காப் பாருங்கோ. அம்மா கதைச்சது இதிலை இருந்தா அனுப்புங்கோ. இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்." அந்தக் கடைசி வரி இல்லாமல் எழுதியிருந்தால் நான் வழமைபோல ஒரு பகிடி விட்டு மறுமொழி போட்டிருப்பேன். கோபிக்கமாட்டேன் என்று ஒரு பிள்ளை தகப்பனுக்கு எழுதுவது, கோபித்துக் களைத்துப்போன பிறகுதான். ஆகவே நீளமாக எழுதுகிறேன். உன் மனைவியாகப் போகிற பிள்ளையும் இதை வாசிக்கலாம், வேறு யாரும் வாசிக்கலாம். புத்தூரில் என் பகிடிகள் தெரியாத ஆள் இல்லை. தெரியாதது இது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் முப்பது வருடம் பஸ்ஸில் கொண்டக்டராகத் தொங்கிக்கொண்டு வாயால் பிழைத்தவன் நான். "புத்தூரிலை இறங்கிறவை புத்தியோடை இறங்குங்கோ, பொதியோடை இறங்குங்கோ" என்று நான் கத்தினால் பஸ்ஸே சிரிக்கும். பின்னால் நின்ற கிழவர்கள்கூட அதைக் கேட்கவென்றே என் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டதுதான்; கேட்டுப் பார்த்ததில்லை. ஒரு மனிதனுக்குச் சிரிக்கவைக்கத் தெரியும் என்று ஊர் சொல்லிவிட்டால், அவன் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அதையே செய்துகொண்டிருப்பான். வீட்டுக்குள் வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றினேன், வாயைக் கழற்றவில்லை.

உன் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதனை மறுமொழி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உங்கள் அதிபர் என் பஸ்ஸில் ஏறி, நீ பாஸ் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. அந்தச் சந்தோசத்தைக் கொண்டுவந்து உன் கையில் நேராகத் தந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, உன் தலையைத் தடவி, "பறவாயில்லை மோனை, எல்லாரும் பாஸ் பண்ணினாப் பள்ளிக்கூடத்திலை இருக்கக் கதிரை காணாது" என்றேன். நீ சைக்கிளைக்கூட எடுக்காமல் பின்வளவுக்குப் போய் வாழைகளுக்குள் குந்திக்கொண்டாய். அம்மாதான் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் உண்மையைச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "உண்மையாவோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். திரும்பவும் "உண்மையாவோ?" என்றாய். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் நீ அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் விட்டதில்லை. மழை வருது என்றாலும் உண்மையாவோ, சோறு போட்டிருக்கு என்றாலும் உண்மையாவோ. அது எனக்கு இன்னொரு பகிடியாகப் போய்விட்டது. அம்மாவுக்கு இல்லை. "பிள்ளைக்கு ஒரு சந்தோசத்தை நேராக் குடுக்கத் தெரியாதோ உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள். அதற்கும் நான் ஏதோ பகிடிதான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அவள் கேட்டது மறக்கவில்லை.

இனிச் சீடிக்கு வருகிறேன். நீ போய் இரண்டாம் வருடம் அம்மாவுக்கு வருத்தம் முற்றியது உனக்குத் தெரியும். போனில் உன்னோடு கதைக்கும்போது அவள் "நான் நல்லாயிருக்கிறன், நீ சாப்பிட்டியோ" என்பதற்கு மேலே போகமாட்டாள். போனை வைத்த பிறகு, "சொல்ல நினைச்சது ஒண்டு, சொன்னது ஒண்டு" என்பாள். உன் மாமா சுவிசிலிருந்து கொண்டுவந்த சின்னக் கமரா வீட்டில் கிடந்தது. "அதாலை என்னைப் பிடியுங்கோ, தம்பிக்குக் கொஞ்சம் ஆறுதலாக் கதைக்கவேணும்" என்று அவளாகவே கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுகி, பச்சைச் சேலை உடுத்து, பொட்டு வைத்து, கதிரையில் வந்து இருந்தாள். நான் பிடித்தேன். ஐந்து துண்டு. சந்தியில் போன் பேசவும் போட்டோப் பிரதி எடுக்கவும் இருந்த கடையில் கொடுத்துச் சீடியில் எழுதுவித்தேன். "மூடாமல் விட்டிருக்கிறன் அண்ணை, மிச்ச இடத்திலை பேந்தும் ஏதும் போடலாம்" என்றார் கடைக்காரர். கனடாவுக்குப் போகிற ஆள் ஒருவரும் அகப்படவில்லை. சீடி அலுமாரியில் கிடந்தது. ஒன்றரை மாதத்தில் அம்மா போய்விட்டாள்.

உனக்கு அங்கே விசா முடிவு வராத காலம். கொள்ளி வைக்கவேண்டிய கை உன்னுடையது. வைத்தது உன் பெரியப்பாவின் மகன். நீ ஒன்றையும் காணாமல் போய்விடக்கூடாது என்று செத்தவீட்டை அந்தக் கமராவால்தான் பிடிப்பித்தேன். அதற்கு இடம் காணாதென்று கமராவுக்குள் இருந்த பழையதையெல்லாம் அழித்தேன். அம்மாவின் ஐந்து துண்டும் அதற்குள் இருந்தன. சீடியில் இருக்கிறதுதானே என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். நாலாம் நாள் கனடாவுக்கு ஒரு ஆள் போகிறார் என்று கேள்விப்பட்டுக் கடைக்கு ஓடினேன். வெறும் சீடி முடிந்துபோயிருந்தது, கொழும்புச் சாமான் வரவில்லை. கடைக்காரர் வங்கிக்குப் போயிருந்தார். எனக்கு அவர் ஏற்கெனவே காட்டித் தந்திருந்தபடியால் அவருடைய கதிரையில் இருந்து, அம்மாவின் சீடியையே போட்டு, மிச்ச இடத்தில் நானே எழுதத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் இதை எரிப்பது என்பார்களாம். அந்தக் கிழமை நான் இரண்டு எரித்தல் பார்த்தேன்.

பிழை அங்கேதான் நடந்தது, தம்பி. எழுத முன்னம் கொம்பியூட்டர் என்னைக் கேட்டது: பழையதோடு தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா? எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். துடக்கு வீட்டிலிருந்து வந்து இருக்கிறேன். சாமி விளக்கைக்கூடத் தொடாமல் இருக்கிற நாள். செத்தவீட்டுச் சாமானை நல்லகாரியச் சாமானோடு ஒரு பெட்டிக்குள் போடாத ஆட்கள் நாங்கள். பொட்டோடும் பச்சைச் சேலையோடும் அவள் சிரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பாடையைக் கொண்டுபோய் வைப்பதா? இரண்டும் ஒட்டாமல் கிடக்கட்டும் என்று, புதிதாகத் தொடங்கு என்றேன். உயிரோடு இருந்தவளைச் செத்தவளிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்தேன். அப்படிச் செய்தால் முன்னம் எழுதியது அழியாது, ஆனால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கிழமைதான் தெரிந்தது.

அம்மா கதைத்ததும் அதில் இருக்கிறதென்று சொல்லித்தான் உனக்கு அனுப்பினேன். நீ சீடியைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்த போன் எனக்கு இன்னும் காதுக்குள் இருக்கிறது.

"அப்பா, அம்மா கதைச்சது எங்கை?"

"அதுக்குள்ளைதான் கிடக்கு, வடிவாப் பார்."

"பாத்திட்டன். செத்தவீடு மட்டும்தான் கிடக்கு."

"நான் போட்டனான், மோனை."

நீ பிறகு கேட்டாய்: "உண்மையாவோ?" அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பெண்சாதியைப் பறிகொடுத்தவனைப் பிள்ளை சந்தேகப்படுகிறான் என்று கோபம். "நம்பாட்டி விடு" என்றேன். நீ சொன்னாய்: "உங்கடை பகிடிக்கு ஒரு அளவில்லையோ அப்பா? செத்த மனுசியை வைச்சுமோ?" அன்றைக்கே அந்தக் கடைக்காரரிடம் போய், என்ன நடந்திருக்கும் என்று கேட்டிருக்கலாம். சீடியைத் திருப்பி அனுப்பு, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் கதைத்தோம், மழை வெயில் கதை. நீ பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நான் அநியாயமாகக் குற்றம் சுமந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது, மறைக்கமாட்டேன்.

என்னிடம் ஒரு பழைய லப்டொப் இருக்கிறது. சந்திக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற நிரஞ்சினி தந்தது. பழையது மெல்லமாய் அரைக்குதென்று விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தந்தாள். மூடியில் லினக்ஸின் அடையாளமான ஒரு பென்குயின் ஒட்டியிருக்கிறது. புத்தூர் வெயிலில் அது எப்படி உயிரோடு இருக்கிறதென்று நான் நாளும் கேட்பேன், அவள் நாளும் சிரிக்கமாட்டாள். உன் சீடியை அதில் போட்டேன். கிர்ரென்று சுற்றியது, நின்றது, திரும்பச் சுற்றியது, பிறகு சத்தமே இல்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்துக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துப் போட்டேன். இல்லை. யாரோ எப்போதோ சொன்னது நினைவு வந்து பற்பசை பூசிக் கழுவிப் போட்டேன். இல்லை. மூன்று நாள் இப்படி. மூன்றாம் நாள் எனக்கே ஒரு எண்ணம் வந்தது: ஒருவேளை நான் உண்மையாகவே போடவில்லையோ? சொல்லிச் சொல்லியே நம்பிவிட்டேனோ? என் வாயை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் சீடியைச் சட்டைப் பைக்குள் வைத்து, லப்டொப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

நிரஞ்சினி சீடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உது என்ன அண்ணை, மணக்குது?"

"பல்லு விளக்கினனான். சீடிக்கு."

"வட்டமாத் துடைச்சியளோ?"

"கோப்பை துடைக்கிற மாதிரித்தான்."

"கோப்பையோ? சீடியை நடுவிலை இருந்து வெளியாலை நேராத் துடைக்கவேணும். வட்டமாத் துடைச்சா அது எழுதின கோட்டோடையே கீறு விழும். நல்ல வேலை செய்தியள்." மெல்லிய துணியால் அவளே துடைத்தாள். பிறகு தன்னிடம் கிடந்த ஒரு பஜனைச் சீடியை என் லப்டொப்பில் போட்டாள். அது உடனே பாடத் தொடங்கியது. "சீடி சுத்துற றைவிலை பிழையில்லை. அப்ப சீடியிலைதான்." உன்னுடையதைத் திரும்பப் போட்டு, ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, படபடவென்று எழுதினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி மறுமொழி வந்தது. என்ன சொல்லுது என்று கேட்டேன். "மவுண்ட் பண்ண ஏலாதாம், திறந்து காட்ட ஏலாதாம். இதுக்குள்ளை இருக்கிறது என்ன வகையெண்டு தனக்கு விளங்கேல்லையாம்."

"மவுண்ட் இல்லாட்டி மௌனம்தான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அண்ணை, ஒரு அஞ்சு நிமிசம் கதைக்காமல் இருங்கோ. அது சுத்திற சத்தம் எனக்குக் கேக்கவேணும்."

இருந்தேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள், பிறகு இன்னொரு கட்டளை எழுதினாள். கொம்பியூட்டர் தான் பட்ட பாட்டையெல்லாம் எழுதிவைக்கிற குறிப்பாம் அது. இந்த இடத்தில் வாசிக்கப் பார்த்தேன், முடியவில்லை; அந்த இடத்தில் பார்த்தேன், முடியவில்லை என்று வரிவரியாகக் கிடந்தது. அவள் அதில் இருந்த இலக்கங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "எல்லாம் பெரிய இலக்கம். சீடியை உள்ளுக்கை இருந்துதான் வெளியாலை எழுதுறது. பெரிய இலக்கமெண்டால் ஓரப்பக்கம். பழுதாப்போனது ஓரம்தான் அண்ணை, நடு இல்லை." பிறகு சீடியின் பொருளடக்கத்தை எடுத்துக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு என் பக்கம் கதிரையைத் திருப்பினாள். "இதிலை ரெண்டு தரம் எழுதியிருக்கு. தெரியுமோ?"

தெரியும் என்றேன். கடைக்காரரின் கதிரை, அந்தக் கேள்வி, நான் தொட்ட மறுமொழி எல்லாம் சொன்னேன். ஏன் புதிதாகத் தொடங்கினேன் என்றும் சொன்னேன். அவளும் இந்த ஊர்ப் பிள்ளை. துடக்கு என்றதும் தலையாட்டினாள், சிரிக்கவில்லை. "சீடியைப் போட்டவுடனை எந்தக் கொம்பியூட்டரும் கடைசியா எழுதினதைத்தான் போய்ப் பாக்கும். கனடாவிலை தம்பி போட்டுப் பாத்ததும் அதைத்தான். முதல் எழுதினது அடியிலை இருந்திருக்கும், அவருக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப அந்தக் கடைசி எழுத்தும் பழுதாப்போச்சு. அதுதான் இது திறக்கிறதுக்கு இடமில்லாமல் நிக்குது. முதலாவதைப் பார் எண்டு நாங்கள்தான் சொல்லவேணும்." சொல்லிக்கொண்டே எழுதினாள். வரியின் முடிவில் ஒரு பூச்சியம் போட்டாள். முதல் எழுதியதற்கு இலக்கம் பூச்சியமாம்.

சீடி சுற்றியது. நிற்கவில்லை. திரையில் ஒரு பெட்டி திறந்து, ஐந்து பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. தம்பி, உன் அப்பன் பொய் சொல்லவில்லை. அதை நினைத்து நான் அந்தக் கடைக்குள் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். நிரஞ்சினி பார்க்காத மாதிரி, "முதல்லை கொப்பி எடுப்பம். பேந்து அழலாம்" என்றாள். இரண்டு இடத்தில் கொப்பி எடுத்தாள். ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். என்னை நம்பவில்லைப்போல, சரிதான். பிறகு, "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன், நீங்கள் பாருங்கோ" என்று உள்ளே போய்விட்டாள்.

இதற்கு மேலே எழுதுவது கஷ்டம். சீடி இருக்கிறது, நீ கேட்டது கிடைத்துவிட்டது என்று முடித்திருக்கலாம். மூன்று நிமிடம் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன்.

முதலாம் துண்டு. அம்மா கதிரையில் இருக்கிறாள். தோள் எலும்பு சேலைக்குள்ளால் தெரிகிறது. கையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிமிர்ந்து இருக்கிறாள். "தம்பி, அம்மா உனக்கு ஒண்டு சொல்லவேணும்" என்கிறாள். உடனே கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "சீதனம் கேக்கப் போறா, கவனம் தம்பி!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்ததில் இருமல் வருகிறது. துண்டு முடிகிறது.

இரண்டாம் துண்டு. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருக்கிறாள். "தம்பி, நீ வெளிக்கிட்ட அண்டைக்கு நான் வெளியாலை வராததுக்கு..." அவ்வளவுதான். பின்னாலிருந்து அதே குரல்: "வந்திருந்தா வான்காரன் இவவையும் பொதியெண்டு ஏத்தியிருப்பான்!" அவள் சிரிக்கிறாள். இந்த முறை முழுதாகச் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கோப்பா, ஒரு நிமிசம்" என்கிறாள். "சும்மாதானே இருக்கிறன், சம்பளமோ தாறாய்?" என்கிறது குரல்.

அந்த நாள் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன்னை ஏற்ற வந்த வான் வாசலில் நின்றது. ஊரே படலையில் நின்றது. அம்மா குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள், வரவில்லை. நீ வான் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் வீட்டைத் திரும்பிப் பார்த்தாய். போன பிறகு முதல் போனிலேயே நீ என்னிடம் கேட்டாய், அம்மாவுக்கு நான் போனது பிடிக்கேல்லையோ என்று. அவள் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். நான் சொல்லவிடவில்லை.

மூன்றாம் துண்டில் அவள் வேறு பாதையால் வந்து பார்க்கிறாள். உன் சாப்பாடு, குளிர், கம்பளிச் சட்டை என்று தொடங்கி, "அண்டைக்கு..." என்று இழுக்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கமராவுக்குப் பின்னால் ஏதோ முகம் காட்டியிருக்கவேணும், அவள் என் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்ன சொல்ல வந்தனான்... மறந்துபோச்சு" என்கிறாள். நாலாம் துண்டில் வெறும் சிரிப்புத்தான். ஐந்தாம் துண்டு எல்லாவற்றிலும் சின்னது. களைத்துப்போனாள். பொட்டு வியர்வையில் கொஞ்சம் கரைந்திருக்கிறது. "உன்ரை அப்பா விடமாட்டார் தம்பி. பேந்து ஒரு நாளைக்கு ஆறுதலாச் சொல்லுறன், என்ன?" என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டுகிறாள். அந்தப் பேந்து வரவில்லை.

நிரஞ்சினி தேத்தண்ணியோடு வந்து நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோப்பையை வைத்துவிட்டு, மெல்லமாகக் கேட்டாள்: "அண்ணை, உங்கடை குரலை வெட்டிவிடவோ? அவ கதைச்சதை மட்டும் சேத்துத் தரலாம்." நான் ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன், தம்பி. உண்மையைச் சொல்கிறேன். நீ கலியாண மண்டபத்தில் போட்டுக் காட்ட, நல்ல வடிவான ஒரு நிமிடம் கிடைக்கும். அம்மா சொல்லவேணும் என்கிறாள், சாப்பிடு என்கிறாள், கையைக் காட்டுகிறாள். நான் எங்கேயும் இல்லை. பிறகு நினைத்தேன், அதுவும் என் பகிடிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். வாழைக்குள் குந்தியிருந்த பிள்ளைக்கு இன்னொரு பொய் மறுமொழி. வேண்டாம் என்றேன். "வெட்டினா அவவின்ரை சிரிப்பும் சேந்து போயிடும்" என்று அவளுக்கு ஒரு காரணம் சொன்னேன். அது உண்மைதான், அவள் சிரிக்கிற இடமெல்லாம் என் குரலும் கிடக்கிறது. அவளைச் சிரிக்கவைத்தேனே என்று அந்தச் சிரிப்பை வைத்து என்னை நானே மன்னிக்கவும் ஒருதரம் பார்த்தேன். முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சிரித்து முடிந்த பிறகு அவள் வாய் திரும்பவும் திறக்கிறது. அதை நீ பார்ப்பாய்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கலாம். அன்றைக்கு எனக்குத் தெரியாது, இன்றைக்குக் கொஞ்சம் தெரியும். அவள் ஏன் முழுகிப் பச்சைச் சேலை உடுத்து வந்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தால் போய்விடுவாள் என்று பயந்தேன். சொல்லவிடாமல் வைத்திருந்தால் இருப்பாள் என்று ஒரு விசர் எண்ணம். போகிறவளை மறிக்கப் பகிடியைத் தவிர என்னிடம் வேறு கயிறு இல்லை. ஒருமுறையாவது கமராவைக் கீழே வைத்து அவள் கையைப் பிடித்திருந்தால், அவள் சொன்னது சீடியில் இல்லாவிட்டாலும் என்னிடம் இருந்திருக்கும். இப்போது உனக்குச் சொல்லியிருப்பேன்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் ஊகித்து எழுதமாட்டேன். முப்பத்தொரு வருடம் சேர்ந்திருந்தவன், ஊகிக்க முடியும். நீ மனம் ஆறும்படி இரண்டு வரி நன்றாகவே எழுதவும் முடியும். ஆனால் அவளுடைய இடத்தில் நான் கதைத்தது போதும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் குசினிக்குள் நின்றதை அவள் மறக்கவில்லை; சாக முன்னம் உன்னிடம் அதைத்தான் சொல்ல விரும்பினாள்; ஒரே காலையில் மூன்று தரம் முயன்றாள். நீ போனதில் கோபம் உள்ளவள் மூன்று தரம் முயன்றிருக்கமாட்டாள்.

கலியாணம் கட்டப்போகிறாய். தகப்பன் புத்திமதி சொல்லவேண்டிய நேரம். நான் எந்த முகத்தோடு சொல்ல? ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு நாள் வசனத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போகும். அன்றைக்கு நீ என்ன வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டுப் போய்க் கேள். உன்னிலும் என் வாய் கொஞ்சம் இருக்கிறது. உன் சிநேகிதனின் தாயார் சொன்னார், நீ இருக்கிற இடத்தில் ஒரே சிரிப்பாம். எனக்கு அதைக் கேட்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சிரிக்க வை. ஆனால் அவள் சொல்லி முடித்த பிறகு.

சீடியின் ஓரத்தில் இருந்த செத்தவீடு இப்போது திறக்காது. இன்னும் முயன்றால் கொஞ்சம் மீட்கலாம் என்கிறாள் நிரஞ்சினி. உனக்கு வேண்டுமென்றால் சொல்லு. எனக்குத் தேவையில்லை. ஐந்து துண்டையும் வெட்டாமல் ஒட்டாமல் நிரஞ்சினியைக் கொண்டு இன்றைக்கு உனக்கு அனுப்புவித்தேன். மண்டபத்தில் போட முன்னம் தனியாக இருந்து பார். போடாமலே விட்டாலும் சரி.

பார்த்த பிறகு எனக்குப் போன் எடு. ஏசுவதென்றால் ஏசு. பன்னிரண்டு வருடத்துக்கும், அதற்கு முந்திய ஸ்கொலசிப்புக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கதை, முடியும்வரை கதை. இந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லையென்றால் லைன் அறுந்துபோச்சென்று வைத்துவிடாதே. கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா